இ-ஃபைலிங்: பதிவேற்றும் முன் எதை மறைப்பது, எப்படி மறைப்பது

முதல் தடவை இ-ஃபைலிங் (இணையம் வழியே நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல்) செய்பவர்களின் கவலை எல்லாம் ஓடிபி வருமா, கோப்பு ஏறுமா, கட்டிய பணம் பதிவாகுமா என்பதில்தான் இருக்கும். இரண்டு மூன்று தாக்கலில் இதெல்லாம் கைக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் ஏற்றும் பிடிஎஃப்பில் கட்சிக்காரரின் ஆதார் எண் இருக்கும், வங்கிக் கணக்கு இருக்கும், பிள்ளை படிக்கும் பள்ளியின் பெயர் இருக்கும், சில சமயம் மனநல மருத்துவரின் சீட்டும் இருக்கும். "இது எதற்கு இங்கே?" என்று கேட்க அந்த இணையதளத்தில் ஆள் கிடையாது. தாக்கலைச் சரிபார்க்கும் கூர்ந்தாய்வுப் பிரிவில் முக்கியமாகப் பார்ப்பது கட்டணம், காலவரம்பு, கையெழுத்து, பக்க எண். இவை சரியாக இருந்தால் வழக்கு நம்பர் ஆகிவிடும், அதாவது வழக்கு எண் கிடைத்துவிடும். மறைக்கும் பொறுப்பு தாக்கல் செய்பவர் தலையில்தான்.

இந்த வருடம் பதிவு செய்த ஜூனியர்கள், அலுவலகக் குமாஸ்தாக்கள், வக்கீல் வைக்காமல் தாமே வழக்காடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பழக்கவழக்கங்கள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களை ஒட்டியவை. சட்டப் பிரிவுகள் இந்தியா முழுவதற்கும் பொது.

யார் கண்ணில் எது படும்

காகிதக் காலத்தில் ஒரு கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போய்விட்டால் அங்கேயே தூங்கும். வழக்கில் சம்பந்தமில்லாத ஒருவர் பார்க்க வேண்டுமானால் காரணம் சொல்லி நகல் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, நாள்கணக்கில் நடக்க வேண்டும். அந்த அலைச்சலே பாதிப் பாதுகாப்பாக இருந்தது. 2007இல் தொடங்கிய இ-கோர்ட்ஸ் என்ற நீதிமன்றக் கணினிமயத் திட்டம் அந்த அலைச்சலைக் குறைத்துக்கொண்டே வருகிறது. 2023 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் 7,210 கோடி ரூபாய். பழைய கட்டுகளை ஸ்கேன் செய்வதும் அதில் அடக்கம். ஆகவே இன்றைக்கு நீங்கள் ஏற்றுவது மட்டுமில்லை, உங்கள் சீனியரின் சீனியர் போட்ட விவாகரத்து மனுவும் ஒரு நாள் கணினிக்குள் வந்துவிடும்.

நல்ல வேளையாக, நம் நாட்டில் நீங்கள் தாக்கல் செய்யும் பிராதையோ மனுவையோ யார் வேண்டுமானாலும் இ-கோர்ட்ஸ் தளத்தில் இறக்கிப் படிக்க முடியாது. படிக்க முடிவது வேறு: கட்சிக்காரர்களின் பெயர், வக்கீல்களின் பெயர், வாய்தா தேதிகள், வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, இடைக்கால உத்தரவுகள், தீர்ப்பு. ஒவ்வொரு வழக்குக்கும் தரும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண் தெரிந்தால் போதும். அது தெரியாவிட்டாலும் பெயரைப் போட்டுத் தேடலாம். மாப்பிள்ளை வீட்டார், வேலைக்கு ஆள் எடுப்பவர், வீடு வாடகைக்கு விடுபவர் என்று எல்லோரும் இப்போது தேடுகிறார்கள்.

புதியவர்கள் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில். மனு வெளியே தெரியாதே என்று ஆறுதல்பட்டுக்கொள்வார்கள். மனுவில் நீங்கள் எழுதிய சங்கதியைத்தான் நீதிபதி தீர்ப்பின் முதல் சில பத்திகளில் சுருக்கித் தருவார். காஸ் டைட்டிலில் (மனுவின் தலையில் கட்சிக்காரர் விவரம் வரும் பகுதி) நீங்கள் போட்ட பெயரும் விலாசமும் அப்படியே தீர்ப்பின் தலையில் ஏறும். தீர்ப்பு பொதுவெளிக்குப் போகும், அங்கிருந்து தனியார் தீர்ப்புத் தளங்களுக்குப் போகும், அங்கிருந்து கூகுளுக்கு. ஆக, மனுவின் எந்த வரி உத்தரவுக்குள் போகும் என்று யோசித்து எழுதுவதுதான் பாதி வேலை.

அமெரிக்காவில் நிலைமை இதைவிடக் கடுமை. அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் தாக்கலாகும் மனுவையே, பேசர் என்ற தளத்தில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பக்கத்துக்குப் பத்து சென்ட் கட்டி இறக்கிக்கொள்ளலாம். அதனால்தான் 2007 டிசம்பர் 1 முதல் சிவில் நடைமுறையில் 5.2 என்றொரு விதியைக் கொண்டுவந்தார்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணிலும் வங்கிக் கணக்கு எண்ணிலும் கடைசி நான்கு இலக்கம் மட்டும், பிறந்த தேதியில் வருடம் மட்டும், மைனர் பெயரில் முதலெழுத்துகள் மட்டும். அவ்வளவுதான் விதி. சரியாக மறைத்திருக்கிறார்களா என்று பதிவகம் பார்க்காது. அது தாக்கல் செய்பவர் பொறுப்பு என்று அந்த விதிக்கான குறிப்பிலேயே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் எல்லா வழக்குக்கும் பொருந்தும் இப்படி ஒரு குட்டி விதி இல்லை. சட்டங்களும் தீர்ப்புகளும் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. ஒரு பக்க விதியாக இதைக் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் அபிப்பிராயம். அதுவரை நாமே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டியதுதான்.

படி 1: டைப் அடிக்கும் முன் பிரித்து வையுங்கள்

கட்சிக்காரர் பையோடு வந்து மேசையில் கொட்டும் காகிதங்களை மூன்றாகப் பிரியுங்கள். சட்டமே வெளியிடக் கூடாது என்று சொல்வது ஒன்று. வழக்குக்குத் தேவையே இல்லாதது ஒன்று. தேவைதான், ஆனால் ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை என்பது மூன்றாவது.

முதல் வகையில் விளையாட்டு கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ). போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் குழந்தைகளுக்கு. எச்ஐவி தொடர்பான வழக்குகளில் புனைபெயரில் நடத்த நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டத்தின் 34ஆம் பிரிவு. திருமண வழக்குகளுக்கு இந்துத் திருமணச் சட்டம் 22ஆம் பிரிவு: விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும், நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடக் கூடாது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. 2026இலும் அதே ஆயிரம்தான் என்றால் யார் பயப்படுவார்கள் என்று கேட்காதீர்கள்.

போக்சோ பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெயர் மட்டும் அதில் இல்லை. விலாசம், புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையின் பெயரை மறைத்துவிட்டு, மனுதாரராகத் தகப்பனார் பெயரையும் தெருப் பெயரையும் முழுதாகப் போடும் மனுக்கள் இன்னும் வருகின்றன. சின்ன ஊரில் "அரசு உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவி, தகப்பனார் மளிகைக்கடை வைத்திருக்கிறார்" என்றால் பெயர் எதற்கு? எனவே மறைக்க வேண்டியவற்றைக் குறிக்கும்போது, அந்த ஊர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் ஆளைக் கண்டுபிடிப்பாரா என்று பாருங்கள்.

2018 டிசம்பரில் நிபுன் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழியும் சொன்னது. பாதிக்கப்பட்டவர் பெயர் உள்ள ஆவணங்களைக் காவல்துறை கூடிய மட்டும் உறையிட்டு வைக்க வேண்டும். பொதுப் பார்வைக்கு வரும் பதிவேடுகளில் அதே ஆவணத்தைப் பெயர் நீக்கி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யும்போதும் தன் அடையாளத்தை வெளிப்படுத்தத் தேவையில்லை. இந்த இரட்டைத் தொகுப்பு முறை போலீசாருக்குச் சொன்னதுதான். ஆனாலும் நம் வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. கீழே மறுபடி வரும்.

இரண்டாம் வகை சுலபம்: தேவையில்லாததைப் போடாமல் விடுங்கள். பாகப்பிரிவினை வழக்கில் எல்லாருடைய ஆதார் நகலும் எதற்கு? பணம் கொடுத்ததை நிரூபிக்க ஒரு பக்கம் வங்கி அறிக்கை போதும் என்றால் மூன்று வருட அறிக்கையை ஏன் ஏற்ற வேண்டும்? அதில் அவர் எந்த மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குகிறார் என்பதுகூட இருக்கும்.

மூன்றாம் வகைதான் நேரம் எடுக்கும். அங்கே ஒரு வரையறை வேண்டும்: நாம் மறைப்பது ஊர்க் கண்ணிலிருந்து. நீதிபதியிடமிருந்தோ எதிர்த்தரப்பிடமிருந்தோ மறைக்கத் தொடங்கினால் வேறு வம்பு வரும். எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் மூடிய உறையில் கொடுக்கும் பழக்கத்தை 2023 ஏப்ரலில் மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

மறைக்கவே கூடாதவையும் உண்டு. சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 7, விதி 1 வாதி, பிரதிவாதி இருவரின் பெயரும் விவரமும் இருப்பிடமும் பிராதில் வேண்டும் என்கிறது. அதே கட்டளையின் விதி 3, அசையாச் சொத்து என்றால் எல்லையோ சர்வே எண்ணோ கொடுத்து அடையாளம் காட்டச் சொல்கிறது. சொத்து அட்டவணையில் கருப்பு மை பூசினால் பிராது திரும்பிவரும், அல்லது டிக்ரி வாங்கியும் நிறைவேற்ற முடியாமல் நிற்பீர்கள். கணவன் கண்டுபிடித்துவிடுவானோ என்று பயந்து விடுதியில் தங்கியிருக்கும் பெண் போன்றவர்களுக்கு, தங்குமிட விலாசத்துக்குப் பதில் வக்கீல் அலுவலக முகவரியைச் சார்வு முகவரியாக (நீதிமன்ற அறிவிப்புகள் வந்து சேரும் முகவரி) ஏற்கும்படி மனுவோடு சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் சாட்சி என்றால் 2018ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் தனி விண்ணப்பம் உண்டு.

படி 2: வரைவு எழுதும்போதே மறைத்துவிடுங்கள்

வரைவில் எழுதாத எண்ணைப் பிறகு மறைக்க வேண்டிய வேலையே இல்லை. வங்கிக் கணக்கைக் கடைசி நான்கு இலக்கத்தோடு குறிப்பிடுங்கள். பிறந்த தேதி தேவைப்படாத இடத்தில் வயது போதும். மருத்துவ விவரத்தைப் பத்தியில் விரித்து எழுதாமல் "ஆவணம் 6இல் உள்ள சிகிச்சை" என்று சுட்டுங்கள்; பத்தி தீர்ப்புக்குள் போகும், ஆவணம் பெரும்பாலும் போகாது. பெயர் மறைக்க வேண்டிய வழக்கில் முதல் பக்கத்திலிருந்தே "எக்ஸ்" என்று தொடங்குங்கள். 2022 செப்டம்பரில் திருமணமாகாத பெண்ணின் கருக்கலைப்பு உரிமை பற்றிய முக்கியமான தீர்ப்பே உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர் "எக்ஸ்" என்றுதான் பதிவாகியிருக்கிறது.

காஸ் டைட்டிலில் சாதி, மதம் எழுதும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். எந்த நீதிமன்றத்திலும் கட்சிக்காரர் விவரத்தில் சாதியோ மதமோ குறிப்பிடக் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. டைப்பிஸ்ட்டின் கணினியில் பழைய மாதிரி மனு ஒன்று இருக்கும். அதைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அடிப்பார். இது எப்போதும் அங்கிருந்துதான் வரும். அந்த மாதிரிக் கோப்பையே திருத்தி வையுங்கள்.

அப்புறம் காகித அளவு. பச்சை நிற லீகல் தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்த காலம் போய்க்கொண்டிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாள், இரு பக்க அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14, வரி இடைவெளி ஒன்றரை, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. என்று வகுத்தது. உங்கள் நீதிமன்றத்தின் சுற்றறிக்கை என்ன சொல்கிறது என்று பார்த்து அதன்படி அமையுங்கள். இதைப் பெரிதாக நினைக்க ஒன்றுமில்லை.

தமிழ் எழுத்துரு அப்படியில்லை. மாவட்ட நீதிமன்றங்களைச் சுற்றியுள்ள டைப்பிங் கடைகளில் வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. அதில் அடித்த அபிடவிட்டைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கணினிக்கு உள்ளே அது வெறும் ஆங்கிலக் குறிகள். குழந்தையின் பெயர் எங்கெல்லாம் வருகிறது என்று தேடினால் "ஒன்றும் இல்லை" என்று பதில் வரும். எல்லாவற்றையும் மறைத்துவிட்டோம் என்று நம்பி ஏற்றிவிடுவீர்கள், பதினோராவது பக்கத்தில் பெயர் உட்கார்ந்திருக்கும். யூனிகோடில் அடியுங்கள். பழைய எழுத்துருவில்தான் கிடைத்தது என்றால் அச்செடுத்து ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

படி 3: ஆவணங்களுக்கு இரண்டு தொகுப்பு

ஒன்று முழுமையான தொகுப்பு, இன்னொன்று மறைத்த தொகுப்பு. முழுமையானது உங்கள் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். நீதிமன்றம் கேட்டால் காட்ட, சாட்சி விசாரணையில் சான்றாவணமாகக் குறியீடு செய்ய. மறைத்தது தாக்கலுக்கு. அசல் காகிதத்தில் மட்டும் மார்க்கரால் கோடு போடவே போடாதீர்கள். ஆவணத்தைத் திருத்திவிட்டார் என்று குறுக்கு விசாரணையில் கேட்பதற்கு எதிர்த்தரப்புக்கு நீங்களே கொடுக்கும் வாய்ப்பு அது.

ஆதார் தேவைப்பட்டால் முதல் எட்டு இலக்கம் மறைந்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கலாம். கையால் மறைக்கும் வேலை மிச்சம். வாட்ஸ்அப் உரையாடல் என்றால் வழக்குக்கு வராத மூன்றாம் ஆட்களின் எண்களும் படங்களும் நிறைய இருக்கும். குடும்பக் குரூப்பின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்றில் சித்தி, மாமா, பக்கத்து வீட்டார் என்று பத்து பேர் எண் இருந்தால், அந்தப் பத்துப் பேருக்கும் வழக்கில் என்ன வேலை?

மின்னணு ஆவணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அவசரத்தில் பலர் தவறவிடுவது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் சான்றில் (முன்பு 65பி) ஹாஷ் மதிப்பு எழுத வேண்டும். ஹாஷ் என்பது அந்தக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். நீங்கள் ஒரு தொலைபேசி எண்ணை மறைத்த நொடியே ஹாஷும் மாறிவிட்டது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: கட்சிக்காரரின் போனிலிருந்து வந்த கோப்பைத் தொடாமல் ஒரு பென்டிரைவில் வையுங்கள், அதற்கு எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எடுங்கள், சான்றின் ஏ பகுதியைக் கட்சிக்காரரும் பி பகுதியை நிபுணரும் அந்தத் தொடாத கோப்புக்கு எழுதட்டும். பிறகு அதன் நகலில் மறைத்து, "மறைக்கப்பட்ட நகல், முழுமையான கோப்பு நீதிமன்றம் உத்தரவிடும்போது முன்வைக்கப்படும்" என்று ஆவணப் பட்டியலில் ஒரு வரி போட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

எதையெல்லாம் நீங்களாக மறைக்கலாம், எதற்கு அனுமதி வேண்டும்? ஆதாரின் எட்டு இலக்கம், கணக்கு எண், வழக்கில் இல்லாதவரின் கைபேசி எண், இவற்றுக்கு ஒரு மெமோ (நீதிமன்றத்துக்குத் தரும் சிறு குறிப்பு) போதும் என்பது என் வழக்கம். வழக்கின் முடிவைத் தொடக்கூடிய எதையும் மறைக்க வேண்டுமானால், மருத்துவ அறிக்கையின் ஒரு பத்தி போன்றவை, சிவில் நடைமுறைச் சட்டம் 151ஆம் பிரிவின் கீழ் ஒரு இடைக்கால மனுவோடு அனுமதி கேளுங்கள். அந்த மனுவோடு அமெரிக்க 5.2 விதியிலிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கலாம். அங்கே குறிப்புப் பட்டியல் என்று ஒன்றைத் தனியாக உறையிட்டுக் கொடுப்பார்கள்: "சாட்சி அ என்றால் இன்னார், கணக்கு 1 என்றால் இந்த எண்" என்று. பொதுப் பார்வைக்கான மனுவில் "சாட்சி அ" என்று மட்டும் இருக்கும். நம் மனுவில் அந்தப் பட்டியலை நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தர முன்வந்தால், "எங்களிடம் மறைக்கிறார்கள்" என்ற ஆட்சேபணைக்கு இடமே இருக்காது.

படி 4: மறைத்தது உண்மையாகவே மறைந்ததா

2019 ஜனவரியில் அமெரிக்காவில், டிரம்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள் ஒரு பதில் மனு தாக்கல் செய்தார்கள். ரகசியமான வரிகளின் மேல் கருப்புப் பட்டை போட்டிருந்தார்கள். செய்தியாளர்கள் அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, வேறு கோப்பில் ஒட்டினார்கள். அடியிலிருந்த எழுத்தெல்லாம் வந்துவிட்டது. தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களை யாருக்குக் கொடுத்தார் என்ற விஷயம் உலகத்துக்கே தெரிந்தது இப்படித்தான். பெரிய வழக்கு, பெரிய வக்கீல்கள்.

காரணம் எளியது. வேர்டிலோ பிடிஎஃப்பிலோ கருப்புப் பெட்டி வரைவது எழுத்தின் மேல் போர்வை போர்த்துவது மாதிரி. எழுத்து அடியில் அப்படியே இருக்கும். கருப்பு ஹைலைட் போடுவதும் அதே கதை. எழுத்தை அழிக்கத் தனிக் கருவி வேண்டும். அக்ரோபேட் புரோவில் ரெடாக்ட் என்று இருக்கிறது. பணம் கட்ட வேண்டியது. இலவசமாக வேண்டுமானால் லிப்ரே ஆஃபீஸின் டூல்ஸ் பட்டியில் ரெடாக்ட் இருக்கிறது. அது பக்கத்தைப் படமாக மாற்றி ஏற்றுமதி செய்வதால் அடியில் எழுத்து தங்காது. எதுவும் இல்லையென்றால் பழைய முறை: அச்செடுத்து, மறைக்க வேண்டிய இடத்தில் கருப்புக் காகிதத் துண்டை ஒட்டி, ஸ்கேன் செய்யுங்கள். மார்க்கர் மட்டும் போட்டு ஸ்கேன் செய்தால் நல்ல ஸ்கேனரில் அடியிலுள்ள எழுத்து சில சமயம் தெரியும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் மறைப்பு. பிறகு எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள்) ஓட்டித் தேடத்தக்க பிடிஎஃப் ஆக்குவது (ஸ்கேன் பொதுவாக 300 டிபிஐ). பிறகு பக்க எண், புக்மார்க். கடைசியில் டிஜிட்டல் கையெழுத்து. எழுத்துணரியை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு கருப்புப் பெட்டி வரைந்தால், படத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் எழுத்தடுக்கில் பெயர் பத்திரமாக இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு மறைத்தால் கையெழுத்து செல்லாது என்று காட்டும்.

ஏற்றும் முன் சோதனை ஒன்று. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் படியுங்கள். பிறகு பெயரின் எல்லா வடிவங்களையும் தேடுங்கள்: தமிழில், ஆங்கிலத்தில், இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால். பிறகு எல்லோரும் மறக்கும் இடங்கள்: புக்மார்க் தலைப்பு, கோப்பின் பெயர், கோப்பின் பண்புகள் பகுதியில் உள்ள ஆசிரியர் பெயர், வேர்டில் ஏற்காமல் விட்ட திருத்தங்கள். உள்ளே எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, கோப்புக்குப் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரையே வைத்தால் என்ன பயன்?

பிடிஎஃப் இணைக்க, சுருக்க என்று தேடினால் இலவசத் தளங்கள் வரிசையாக வரும். கட்சிக்காரரின் மருத்துவ அறிக்கையை எங்கேயோ இருக்கும் ஒரு சர்வரில் ஏற்றிச் சுருக்குவது சரியா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கணினியிலேயே ஓடும் இலவச மென்பொருள்கள் போதும். போனில் ஸ்கேன் செய்யும் செயலியும் தானாகக் கிளவுடில் ஏற்றுகிறதா என்று அமைப்புகளில் பார்த்து நிறுத்துங்கள்.

படி 5: இணையதளத்தில்

பதிவு செய்வதும் படிவம் நிரப்புவதும் தளமே சொல்லிக்கொண்டு போகும். நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுப்பது, கட்சிக்காரர் விவரம், சட்டப் பிரிவு, ஆவணம் ஏற்றுவது, கையெழுத்து, கட்டணம், சமர்ப்பிப்பு. இதில் கவனிக்க வேண்டியது சிலதான்.

படிவத்தில் நீங்கள் தட்டும் பெயர்தான் வழக்குப் பட்டியலில் வரும். பிடிஎஃப்பில் "எக்ஸ்" என்று போட்டுவிட்டுப் படிவத்தில் முழுப் பெயரை அடித்தால் எல்லா உழைப்பும் வீண். கட்டாயம் என்று குறியிடாத பெட்டிகளை நிரப்ப வேண்டியதில்லை. கைபேசி எண்ணாக யாருடையதைக் கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வேலையை விட்டுப் போன குமாஸ்தாவின் எண்ணுக்கு இரண்டு வருடம் கழித்தும் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருக்கும்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் கடவுச்சொல்லையும் ஒரே கவரில் போட்டு டைப்பிங் கடையில் கொடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைவிட அது மோசம். கணினி வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் இ-சேவா மையம் இருந்தால் அங்கே போகலாம். வெளிக்கடையில்தான் செய்தாக வேண்டுமானால் வேலை முடிந்ததும் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள், வெளியேறும் முன் லாக் அவுட் செய்யுங்கள். கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். அவசரத்தில்தான் மறைக்காத கோப்பு ஏறும்.

படி 6: நம்பர் ஆன பிறகு

குறை சொல்லித் திரும்பிவந்தால், மறுதாக்கலில் பழைய கோப்பையே எடுத்து ஏற்றிவிடுவது சகஜம். மறைத்த தொகுப்புக்கும் முழுமையான தொகுப்புக்கும் வேறு வேறு கோப்புறை வைத்தால் இது நடக்காது. நம்பர் ஆனதும் வெளியாள் போல நீங்களே சிஎன்ஆர் போட்டுத் தேடிப் பாருங்கள். பெயர் முழுதாகத் தெரிந்தால் அன்றைக்கே பதிவகத்தில் மெமோ கொடுங்கள். எதிர்த்தரப்புக்கு நகல் அனுப்பும்போது அலுவலக வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யாராவது அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லாதீர்கள். நேராக அந்த வக்கீலின் மின்னஞ்சலுக்குப் போகட்டும்.

உத்தரவு வந்ததும் முதல் வேலையாகக் காஸ் டைட்டிலையும் சங்கதிப் பத்திகளையும் படியுங்கள். மறைக்க வேண்டியது தப்பி வந்திருந்தால், உத்தரவு தளத்தில் ஏறிய சில நாட்களுக்குள் திருத்தம் கேட்பது சுலபம். நாளானால் தனியார் தளங்கள் எடுத்துக்கொண்டு போய்விடும். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே உதாரணம் இருக்கிறது. குற்ற வழக்கொன்றில் தண்டிக்கப்பட்ட ஒருவரை மதுரை அமர்வு 2014இல் விடுதலை செய்தது. பெயரைத் தேடினால் அந்தத் தீர்ப்பு வந்துகொண்டே இருந்தது. தன் பெயரை நீக்கக் கோரி அவர் போட்ட மனுவை 2021இல் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அவருடைய மேல்முறையீட்டை ஏற்றுப் பெயரை மறைக்கவும், தனியார் தளத்திலிருந்து தீர்ப்பை நீக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. விடுதலையாகிப் பத்து வருடத்துக்கு மேல் ஆன ஒருவரின் நிலைமை இது. எனவே "பிறகு எடுத்துவிடலாம்" என்று கட்சிக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, எது வெளியே தெரியும், எதை மறைக்கக் கேட்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டி அவரிடம் ஒப்புதல் வாங்கி, கட்டில் முதல் தாளாக வையுங்கள்.